களமருதூர்க் களிமண்

786

கள்ளக்குறிச்சி,
ஆகஸ்டு 24, 1987.

அன்புள்ள மச்சான் அவர்களுக்குப் பாயிஸா எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஜெர்மனியில் அடுத்த மாதமே குளிர் தொடங்கிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். காதை மூடாமல் வெளியே போகக் கூடாது என்று உங்கள் அம்மா சொல்லச் சொன்னார்கள். மாமிக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தபால்காரர் வரும் நேரத்துக்கு மட்டும் வலி தெரியாமல் வாசல்வரை நடந்துவிடுகிறார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, அலுப்புதான்.

களமருதூர் வேலை முடியப் போகிறது. ஊருக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்க அரசாங்கம் போட்ட துளையில் இருந்து நம் ஆராய்ச்சிக்கு மண் கிடைத்தது அதிர்ஷ்டம்தான். ஆனால் ஊர்க்காரர்கள் தண்ணீருக்காகக் காத்திருக்க, நான் மட்டும் மண்ணுக்காகக் காத்திருந்தது எனக்கே கூச்சமாக இருந்தது. என்னை அங்கே ‘மண்ணு மேடம்’ என்றுதான் சொல்கிறார்கள். குழாய்க்குள்ளிருந்து களிமண் கரும்புத் துண்டுபோல உருளையாக வருகிறது. வந்ததும் துடைத்து, ஆழத்தைச் சீட்டில் எழுதி, மரப்பெட்டியில் வரிசையாக அடுக்குகிறேன். வேலையாட்களில் சுப்புராயன் என்று ஒருவர் குழாய் தூக்குவார். சின்னக்கண்ணு என்பவரும் அவர் மனைவி சாலம்மாளும் காலனியிலிருந்து கூலிக்கு வருகிறார்கள். சாலம்மாள் நிறைமாதத்தை நெருங்கிவிட்டாள். தண்ணீர் சுமக்காதே என்று சொன்னாலும் கேட்பதில்லை.

அடியில் வந்த கறுப்புக் களிமண்ணில் விதவிதமான சிப்பிகள். திறந்த கடல், சந்தேகமே இல்லை. அதற்கு மேலே வரவர வகைகள் குறைந்துகொண்டே போய், கடைசியில் தடித்த ஆளிச்சிப்பியும் குட்டையாகிப்போன ஒரு சின்னச் சிப்பியும் மட்டும்தான். நடுவே ஜிப்சம் ஏடு ஏடாக இருக்கிறது. அதற்கும் மேலே போனால் மறுபடி எல்லா வகையும் திரும்பிவிடுகின்றன. கடலின் வாசல் அடைபட்டு, பிறகு திறந்திருக்கிறது. இடையில் உள்ளே இருந்த தண்ணீர் என்ன ஆனது என்பதில்தான் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. வெயிலில் வற்றி உப்பு ஏறியது, ஜிப்சமே அதற்குச் சாட்சி என்கிறீர்கள் நீங்கள். ஆற்றுத் தண்ணீர் சேர்ந்து உப்பு குறைந்தது என்கிறேன் நான். ஜிப்சத்தை நான் நம்பவில்லை. அது பின்னாளில் ஊறிய தண்ணீரால் உண்டானதாகவும் இருக்கலாம்.

எனக்குச் சாட்சி இந்த முறை கிடைத்திருக்கிறது. குட்டைச் சிப்பி வந்த இடத்திலேயே ஒரு கைப்பிடி கூழாங்கல் வந்தது. சின்னத்தா கடுக்காய் ஏற்றக் கரியாலூருக்கு மெட்டடார் வண்டியை எடுத்துப் போனபோது நானும் கூடப் போய் ஓடையில் கல் பொறுக்கி வந்தேன். வைத்துப் பார்த்தால் அதே கல்தான். கல்வராயன் மலையிலிருந்து அந்தக் காலத்திலேயே ஆறு இறங்கி இங்கே கடலில் கலந்திருக்கிறது. சின்னத்தா கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சித்தப்பா என்ற உரிமையில், இதுக்காகவா இவ்வளவு படிச்சே என்று கேட்டார்கள். நான் விளக்கிச் சொன்னேன். கடல் ஒரு பெரிய பாத்திரம் மாதிரி, ஒரு பக்கம் வெளிக்கடல் தண்ணீர் வரும், ஒரு பக்கம் ஆறு வரும், எந்தப் பக்கம் அடைபட்டாலும் உள்ளே இருக்கிற உயிர்கள் அதை முதலில் உணர்ந்துவிடும் என்றேன். அவர்கள் கல்லை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

ஊருக்குத்தான் பலன் இல்லை. தண்ணீர் வந்தது, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை. ஏன் என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். இங்கே கடல் இருந்தது, அந்தக் களிமண்ணில் உப்பு தங்கிவிட்டது என்று சொன்னேன். சாலம்மாள் சிரித்துவிட்டாள். “கடலு போயி எம்மாம் காலமாச்சி, உப்ப மட்டும் நம்ம தலையில வுட்டுட்டுப் பூட்டுதா?” என்றாள்.

புரொபசர் இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நல்லது. டிசம்பரில் மாதிரிகளை நானே கொண்டுவந்து அங்கேயே சேர்ந்துகொள்ள வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். மாமியிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்களே ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

உங்கள் சுகத்துக்கு எப்போதும் துஆ செய்யும்,
பாயிஸா.


786

கள்ளக்குறிச்சி,
செப்டம்பர் 30, 1987.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் வரவில்லையே என்று பதறியிருப்பீர்கள். நடுவில் ஒரு வாரம் பஸ் இல்லை, தபாலும் இல்லை. நானும் மாமியும் சின்னத்தாவும் பத்திரமாக இருக்கிறோம் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். மற்றதை உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

தனி இட ஒதுக்கீடு கேட்டுச் சுப்புராயனின் சாதிக்காரர்கள் இந்த மாவட்டம் முழுக்கச் சாலை மறியல் நடத்தினார்கள். ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் பல உயிர்கள் போயின. மறியலுக்கு முந்தின நாள் சுப்புராயன் என்னிடம் வந்து நாளையிலிருந்து வேலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டார். அவராகவே, “எங்க ஊர்ல டிகிரி முடிச்ச பையன் கரும்பு வெட்டிக்கினு கீறான், மேடம். கேக்காம இன்னா பண்றது?” என்றார். நான் படித்த சீட்டும் ஒரு ஒதுக்கீட்டில் வந்ததுதானே.

ஆனால் காலனிக்காரர்களுக்கு அந்த வாரம் வேறு மாதிரி இருந்தது. அவர்கள் இந்தப் போராட்டத்தில் இல்லை. எங்கோ கூரைகள் கொளுத்தப்பட்டன என்று ஒரு பேச்சு வந்தது. பிறகு வயலுக்கு அந்தப் பக்கம் புகையே தெரிந்தது. துளை போட்ட அலுவலக ஆட்கள் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பெட்டிகளோடு நான் மாட்டிக்கொண்டேன். சின்னத்தாவுக்கு மனசு பொறுக்கவில்லை. ரோட்டை விட்டு வண்டிப்பாதையிலேயே புகுந்து மெட்டடாரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்ததும் கோபமாக, மண்ணா உசிரா என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டே பெட்டியைத் தூக்கவும் கை கொடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டோம்.

கிளம்பும்போது சின்னக்கண்ணு ஓடிவந்தார். சாலம்மாளுக்கு வலி எடுத்து நேரமாகிவிட்டது, பிள்ளை குறுக்கே கிடக்கிறது, இதற்குமேல் என்னால் ஆகாது என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். நர்ஸ் வர வழி இல்லை. அவர் இவ்வளவும் சொன்னார், மச்சான், ஆனால் எங்களிடம் எதையும் கேட்கவில்லை. நிறைந்திருந்த வண்டியை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சின்னத்தா என் முகத்தைப் பார்த்தார்கள். “ரெண்டும் ஏறாது, பாயிஸா” என்றார்கள்.

வாய்க்கால் கரை மேடாக இருந்தது. பெட்டிகளை அங்கே இறக்கி அடுக்கித் தார்ப்பாயால் மூடினோம். சின்னக்கண்ணுவும் தூக்கினார். குட்டைச் சிப்பி இருந்த பெட்டியை மட்டும் வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். காலனிக்குப் போய்ச் சாலம்மாளைத் தூக்கி வந்து படுக்கவைத்தோம். அவள் அம்மாவும் ஏறிக்கொண்டார். மேலே கூரை இல்லாத வண்டி. மழை அவள் முகத்தில் அடித்தது. திரும்பும் வழியில் வாய்க்கால் கரையில் நிறுத்தி, பெட்டிகள்மேல் போட்டிருந்த தார்ப்பாயை எடுத்து அவள்மேல் பிடித்தோம். கொஞ்ச தூரம் போனதும் ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கி, நான் வைத்திருந்த பெட்டி அவள் காலில் சாய்ந்தது. காலை மடக்கிக்கொண்டாள். நான் வண்டியை நிறுத்தச் சொல்லி அந்தப் பெட்டியையும் வரப்பில் இறக்கிவைத்துவிட்டேன்.

எலவனாசூர்கோட்டை தாண்டி ரோட்டில் ஏறியே ஆக வேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே ஒரு பெரிய புளியமரம் குறுக்கே கிடந்தது. சுற்றிலும் ஆட்கள், கையில் கோடாலியும் கழியும். சின்னத்தாவின் தாடியையும் தொப்பியையும் பார்த்து, பாய், திருப்பு வண்டியை என்றார்கள். பிரசவ கேஸ் என்று சின்னத்தா சொன்னார்கள். ஒருவன் பின்னால் வந்து தார்ப்பாயைத் தூக்கி எட்டிப்பார்த்தான். “யாரு இது? எந்த ஊரு?” என்றான். சின்னக்கண்ணு தார்ப்பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. என் முந்தானையை இழுத்து அவள் தலைக்கும் சேர்த்துப் போட்டேன்.

“என் தங்கச்சி” என்றேன்.

அப்போதுதான் கூட்டத்தில் சுப்புராயனைப் பார்த்தேன். அவரும் எங்களைப் பார்த்தார். மாதக்கணக்காகச் சாலம்மாளோடு ஒரே இடத்தில் வேலை செய்தவர் அவர். முகம் தெரியாமல் இருக்குமா? அவர் கிட்டே வந்து குனிந்து அவளைப் பார்த்தார்.

“ஆமா, மண்ணு மேடத்தோட தங்கச்சிதான். மரத்தப் புடிங்கடா” என்றார்.

இத்தனை பேர் சேர்ந்து பிடித்தும் மரம் லேசில் அசையவில்லை. கிளைகளை வெட்டி, கயிறு போட்டு இழுத்து, ஒரு ஓரமாக வண்டி நுழையும் அளவுக்கு வழி செய்தார்கள். முதலில் திருப்பு என்று சொன்னவனும் கயிற்றைப் பிடித்து இழுத்தான். வண்டி போன பிறகு மரத்தைப் பழையபடி இழுத்துப் போட்டதையும் நான் திரும்பிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் இருந்தார். அதுவே பெரிய விஷயம். வயிற்றைக் கீறித்தான் எடுத்தார்கள். பெண் குழந்தை. முதலில் அழவில்லை, பிறகு அழுதது. சாலம்மாளுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. சின்னத்தா ரத்தம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு வெளியே வந்து, என்னைப் பார்த்து, தார்ப்பாய் நனைஞ்சு கிடக்கு, காயப்போடணும் என்று மட்டும் சொன்னார்கள்.

ரோடு திறந்ததும் களமருதூர் போனேன். மழை விட்டிருந்தது. வாய்க்கால் கரையில் பெட்டிப் பலகைகள் பாதிக்குமேல் இல்லை. அந்த வாரம் காய்ந்த விறகு யாருக்கும் கிடைத்திருக்காது. எடுத்தவர்கள் மண்ணைக் கவிழ்த்துவிட்டுப் பலகையை மட்டும் எடுத்துப் போயிருக்கிறார்கள். சீட்டுகள் ஊறிக் கரைந்துவிட்டன. வரப்பில் வைத்த பெட்டி இருந்த இடமே தெரியவில்லை. கறுப்புக் களிமண்ணும் சாம்பல் களிமண்ணும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. சிப்பிகள் இருக்கின்றன, மச்சான், கையால் அள்ளலாம். எது எந்த ஆழத்தில் இருந்தது என்பதுதான் இல்லை. ஆழம் தெரியாத சிப்பியை வைத்துக்கொண்டு எந்தக் கடலைப் பற்றிப் பேசுவது? உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். மறுநாளும் போய்ப் பிரித்துப் பார்த்தேன். அடியில் அடுக்கிய சில பெட்டிகள் மட்டும் தப்பியிருக்கின்றன. அவை அடைபடுவதற்கு முன்னால் இருந்த கடல். அதில் நம் இருவருக்கும் எந்தச் சண்டையும் கிடையாது.

எனக்கு அழுகை வரவில்லை. கை கழுவ நல்ல தண்ணீர் எங்கே கிடைக்கும் என்றுதான் தேடினேன்.

புரொபசரிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் யோசிப்பீர்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மாமி சலாம் சொல்லச் சொன்னார்கள்.

அல்லாஹ் உங்களை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பானாக.

பாயிஸா.


786

கள்ளக்குறிச்சி,
நவம்பர் 18, 1987.

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் வந்தது. மாமி வாசித்துக் காட்டச் சொன்னார்கள். வாசித்தேன். சில வரிகளை விட்டுவிட்டு வாசித்தேன்.

நீங்கள் கேட்டவற்றுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன். ஊர்ப் பெரியவர் யாரிடமாவது ஒப்படைத்திருக்கலாமே என்றீர்கள். அன்றைக்கு எந்த வீட்டுக் கதவும் திறந்திருக்கவில்லை. ஒரு பெட்டியையாவது மடியில் வைத்திருக்கலாமே என்றீர்கள். என் மடியில் சாலம்மாளின் தலை இருந்தது. களிமண்ணை இரண்டு தார்ப்பாய்களால் மூட வேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக நினைவூட்டியிருக்கிறீர்கள். எங்களிடம் இருந்தது ஒன்று. புரொபசர் மிகவும் வருத்தப்பட்டார் என்பதைப் படித்தேன். எனக்கும் வருத்தம்தான் என்று அவரிடம் சொல்லுங்கள். சாலம்மாளும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை. எழுதும் அவசரத்தில் மறந்திருப்பீர்கள். நன்றாக இருக்கிறார்கள்.

தையல் ஆற நாளாயிற்று. போன வாரம் சின்னக்கண்ணுவோடு வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்தாள். மாமி குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு வெகு நேரம் திருப்பிக் கொடுக்கவே இல்லை. சாலம்மாள் தயங்கித் தயங்கி, “ஒங்க மண்ணெல்லாம் என்னாலதான் வீணாப் பூட்டுதாமே” என்றாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அது எத்தனையோ காலம் மண்ணுக்குள்ளேயே கிடந்தது, மறுபடி தோண்டினால் வரும் என்று சொன்னேன். அவள் நம்பினாளா தெரியாது. அவளிடம் இப்போதைக்கு எந்த வேலைக்கும் போகவேண்டாம், உடம்பு தேறட்டும் என்று சொல்லியனுப்பினேன்.

சுப்புராயனையும் பார்த்தேன். மறியலில் பிடித்துக்கொண்டுபோய்ச் சில வாரம் ஜெயிலில் வைத்திருந்தார்கள். இளைத்துப் போயிருக்கிறார். அன்று வண்டியில் இருந்தது யார் என்று பிறகு ஊருக்குள் தெரிந்துவிட்டதாம். காலனிப் பெண்ணுக்கா மரத்தை நகர்த்தினாய் என்று அவர் ஆட்களே அவரை வைதிருக்கிறார்கள். தெரிந்தேதான் செய்தீர்களா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“தெரியாம இன்னா மேடம். அந்தப் பொண்ணு கையால எத்தினி நாளு தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கேன் அங்க” என்றார். பிறகு, “ஊருக்குள்ள இருந்தா குடிச்சிருக்க மாட்டேன். அதையும் சொல்லிப்புடறேன்” என்றார்.

அவர்கள் கேட்டது கிடைக்குமா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. பேப்பரில் தினமும் ஏதோ வருகிறது. வெட்டிய மரங்களை ஏலம் விட்டுவிட்டார்கள். கள்ளக்குறிச்சி ரோட்டில் இப்போது நிழலே கிடையாது.

பாஸ்போர்ட் வந்துவிட்டது. அதை மாமியிடம் கொடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். டிசம்பரில் நான் வரவில்லை. கொண்டுவர என்னிடம் உருப்படியாக எதுவும் இல்லை. வெறும் கையோடு வந்து அந்த ஊரில் நான் என்ன செய்வேன்? நீங்கள் லேபுக்குப் போய்விடுவீர்கள். இங்கே மாமிக்குப் படி இறங்கக் கை பிடிக்க ஆள் வேண்டும். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். எனக்குக் கோபம் இல்லை. அந்த அளவுக்குத் தெம்பும் இல்லை.

ஒரு செய்தி. களமருதூரில் உப்புத் தண்ணீர் வந்துவிட்டதால், கொஞ்சம் மேற்கே மலைப் பக்கமாகத் தள்ளி வேறொரு துளை போடப் போகிறார்களாம். அறுப்பு முடிந்து நிலம் காய்ந்ததும் வேலை ஆரம்பம். மண்ணை எடுத்துக்கொள்ளலாமா என்று அலுவலகத்தில் போய்க் கேட்டேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அங்கே தண்ணீர் இனிப்பாக வந்தால் ஊருக்கு நல்லது. களிமண்ணில் அதே அடைப்பு இருந்தால் நமக்கு நல்லது. மேற்கே போகப்போகக் கூழாங்கல் கூடினால் நான் சொன்னது சரி. கூடாமல் உப்பு மட்டும் கூடினால் நீங்கள் சொன்னது சரி. எது வந்தாலும் எனக்குச் சம்மதம், மச்சான். தோற்றுப்போக ஆள் பக்கத்தில் இருந்தால் போதும்.

தை பிறந்ததும் தொடங்கிவிடுவார்கள். குழாயிலிருந்து வெளியே வந்த களிமண் காற்றுப் பட்டதும் நிறம் மாறிவிடும், உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் கையில் எடுத்துப் பார்த்து அப்போதே நிறத்தைச் சொல்ல வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். இந்தத் தடவை நான் தனியாகவே பார்த்து, தனியாகவே எழுதி, பாதி நேரம் எழுதுவதற்குள் நிறம் போய்விட்டது. அதனால்தான் கேட்கிறேன், தைக்கு வர முடியுமா என்று. அதற்கு ஓர் ஆளைக் கூலிக்கு வைத்துக்கொள் என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்கள் மனசுக்கு எது நல்லதோ அதைக் காட்டுவானாக. ஆமீன்.

உங்கள்
பாயிஸா.